மலை முட்டி நிற்கும் சாலைகள்

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் சாலை சாலையாகத் திரிகிற கிறுக்கு உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டில் ராயப்பன்பட்டியை விட்டால் வேறு ஊர் இல்லை. ஊட்டி இருக்கட்டும், கொடைக்கானல் இருக்கட்டும், ஏற்காடு இருக்கட்டும். அங்கெல்லாம் ஏறலாம், இறங்கலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதுகுக்குப் பின்னால் டூரிஸ்ட் வேன் அடிக்கிற ஹார்னுக்கு ஒதுங்கி ஒதுங்கியே பாதித் தெம்பு போய்விடும். கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரம், மேகமலையின் அடிவாரம், அங்கே இருக்கிறது ராயப்பன்பட்டி. விடிகாலையில் வண்டியை எடுத்தால் வெயில் உறைக்கும்வரை நம்முடைய செயின் ஓடும் சத்தத்தை நாமே கேட்டுக்கொண்டு போகலாம். அப்படியோர் அமைதி!

இத்தாலி மலைப்பாதைகளைப் பற்றி சைக்கிள்காரர்கள் உருகுவதைக் கேட்டிருப்பீர்கள். 1909-ல் தொடங்கிய ஜீரோ தி இத்தாலியா பந்தயம் அந்த மலைகளை உலகத்துக்கே அறிமுகப்படுத்திவிட்டது. ஸ்டெல்வியோ கணவாய் 2,758 மீட்டர் உயரம். பிராட்டோ ஊர்ப் பக்கமிருந்து ஏறினால் 24 கிலோமீட்டருக்குள் 48 கொண்டை ஊசி வளைவுகள். மே மாதம் வந்தால் சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பனிச்சுவர்களுக்கு நடுவே அவர்கள் ஏறுவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவன்தான் நானும். இப்போது பந்தயத்தைப் பார்க்கிறேன், பெருமூச்சு விடுவதில்லை. இத்தாலிக்காரர் எதைத் தேடி மலைக்குள் போகிறாரோ அது எனக்கு ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் கிடைத்துவிட்டது.

இந்த அமைதிக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் புகழ்ந்துகொண்டே போனால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கம்பம் பள்ளத்தாக்குக்கு இரண்டு பக்கமும் மலைச்சுவர். நடுவில் முல்லைப் பெரியாறு தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகிறது. மேற்குச் சுவரில் வாசல்கள் உண்டு: குமுளி, கம்பம்மெட்டு, வடக்கே போடிமெட்டு. கேரளத்துக்குப் போகிற காய்கறி, அங்கிருந்து வருகிற ஏலக்காய், ஐயப்ப பக்தர்களின் வேன்கள், தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் பறக்கிற ஜீப்புகள் எல்லாம் அந்த வாசல்களைப் பார்த்துத்தான் ஓடும். கிழக்குச் சுவரில் வாசலே கிடையாது. மேகமலை குறுக்கே படுத்திருக்கிறது. அந்தப் பக்கத்துச் சாலைகள் எல்லாம் மலையில் முட்டி நின்றுவிடும், அல்லது அடிவாரத்தோடு அடுத்த ஊருக்குத் திரும்பிவிடும். முட்டி நிற்கிற சாலையில் அந்த ஊர்க்காரரைத் தவிர வேறு யாருக்கு என்ன வேலை? திராட்சையும் வாழையும் ஏற்றிப் போகிற மினி லாரிக்காகப் போட்ட தார்ச்சாலை, மீதி நேரமெல்லாம் சும்மா கிடக்கிறது. அது முழுக்க நமக்குத்தான்!

புதிதாக வருகிறவரை நான் முதலில் அழைத்துப்போகிற இடம் சண்முகாநதி அணை. ஊரிலிருந்து மலையைப் பார்த்து நேரே போக வேண்டியதுதான். காலைத் தயார்படுத்திக்கொள்ள ஏற்ற தூரம், மெல்லிய ஏற்றம். தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் மலை சட்டென்று பெரிதாகிவிடும். 52.5 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்குகிற சின்ன அணைதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை கொட்டி முடிந்த மார்கழிக் காலையில் அது நிரம்பியிருக்கும்போது போய்ப் பாருங்கள், மேகமலை தலைகீழாக உள்ளே கிடக்கும். 2023-ல் ஊரையே நடுங்க வைத்த அரிக்கொம்பன் இந்தப் பக்கந்தான் சுற்றியது. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்ட யானை, மேகமலை வழியாக இறங்கி மே மாதக் கடைசியில் கம்பம் நகருக்குள்ளேயே புகுந்துவிட்டது. அங்கிருந்து சண்முகாநதி அணைக் காட்டுக்கு வந்து, ஜூன் 5-ஆம் தேதி சின்னஓவுலாபுரம் பக்கம் மயக்க ஊசிக்கு அடங்கியது. அதை லாரியில் ஏற்றிக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். டீக்கடையில் அந்தப் பேச்சை எடுத்தால் போதும், ஆளுக்கொரு கதை வரும். ஒவ்வொருவர் தோட்டத்துக்கும் அது வந்துபோயிருக்கிறது!

அணையிலிருந்து வடக்கே போகிற வழிக்கு என் செல்லப் பெயர் ஆயக்கட்டுச் சாலை. சண்முகாநதித் தண்ணீர் பாய்கிற 1,640 ஏக்கரும் எந்தெந்த ஊர்களில் சிதறிக் கிடக்கிறதோ அந்த ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகலாம். மல்லிங்காபுரம், சின்னஓவுலாபுரம், எரசக்கநாயக்கனூர், கன்னிசேர்வைபட்டி, அழகாபுரி, ஓடைப்பட்டி என்று பேர்களைச் சொல்லிப்பார்த்தாலே பெடல் மிதிக்கிற தாளம் வந்துவிடும். வலதுகைப் பக்கம் மலை கூடவே வரும். இடதுகைப் பக்கம் பள்ளத்தாக்கு இறங்கிப் போகும். சாலை ஒரே மட்டமாகக் கிடக்காது. மலையிலிருந்து வருகிற ஓடை ஒவ்வொன்றுக்கும் ஒரு இறக்கம், தரைப்பாலம், உடனே ஒரு ஏற்றம். இறக்கத்தில் பிடித்த வேகத்தை விடாமல், கியரை ஒன்று குறைத்து, சீட்டிலிருந்து எழுந்து நான்கு மிதி மிதித்தால் எதிர் மேட்டின் உச்சிக்கு வந்துவிடலாம். அந்தச் சுகத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது! மேட்டில் ஏறினதும் ஒரு முருங்கைத் தோட்டம், ஒரு கிணற்று மோட்டார் சத்தம், ஒரு மயில், அப்புறம் மறுபடி இறக்கம்.

அந்தச் சாலையில்தான் ஒருநாள் பின் டயர் புஸ்ஸென்று போனது. சீமைக்கருவேல முள். நல்லவேளையாகப் பக்கத்து ஊர் முக்கிலேயே ஒரு சைக்கிள் கடை. கடையென்றால் புளியமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, தண்ணீர் நிரப்பின ஓர் இரும்புச் சட்டி, ஒரு பெரியவர். என் வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"என்னா தம்பி, கோழிக்குஞ்சத் தூக்குன மாதிரி இருக்கு. ஸ்டாண்டு இல்லையா?"

"இல்லீங்கய்யா."

"மட்கார்டு?"

"அதுவும் இல்லீங்க."

"கேரியர்?"

நான் சிரித்தேன்.

"ஒண்ணுமே இல்லாததுக்கா இம்புட்டு வெல வாங்குறாங்க?"

கேள்வி நியாயமானதுதான். பேசிக்கொண்டே ட்யூபை உருவித் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் பிடித்து, துடைத்து, உப்புத்தாள் போட்டு, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து ஒட்டினார். நானாக இருந்தால் அதோடு டயரை மாட்டியிருப்பேன். அவர் மாட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு டயரின் உள்பக்கத்தைப் பெருவிரலால் ஒரு சுற்று தடவி வந்தார். பாதியில் விரல் நின்றது. குறடால் முள்ளின் ஒடிந்த நுனியைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். "இத எடுக்காம போனா அடுத்த மேட்டுலயே திரும்பக் காத்து போயிரும்." அவருடைய பம்பின் வாய்க்கு என் ஒல்லி வால்வு பொருந்தவில்லை. சட்டைப் பையிலிருந்து நான் எடுத்த விரல் நீளப் பம்பைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கேட்டது இருபது ரூபாய். கூடக் கொடுத்ததை வாங்கவேயில்லை. வேகமாகப் போகிற நெடுஞ்சாலையில் பஞ்சர் ஒரு தொல்லை. இந்தச் சாலையில் அது ஒரு பழக்கம் பிடிக்கிற வழி.

இனி தெற்கே திரும்புவோம். ராயப்பன்பட்டியிலிருந்து காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி. ஊர்க்காரர்கள் வாயில் கே.கே.பட்டி, என்.டி.பட்டி. இது பன்னீர் திராட்சையின் தலைவாசல். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடி படர்ந்த பந்தல்கள் சாலையின் இரண்டு பக்கமும் வந்துகொண்டே இருக்கும். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் வெளிநாட்டுப் பெயர். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மற்ற இடங்களில் திராட்சைக்கு ஒரு சீசன் இருக்கும். இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து முன்னே பின்னே நடப்பதால், எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு பந்தலில் பழம் பழுத்துக்கொண்டிருக்கும். பந்தலைக் கடக்கும்போது அந்த வாசனை மூக்கில் ஏறும் பாருங்கள், ஏசி காரில் போகிறவருக்கு அது என்றைக்கும் கிடைக்காது. பைக்கில் போகிறவரும் அதைத் தாண்டிப் போய்விடுவார். சைக்கிளுக்கு மட்டும் அளந்து வைத்த வேகம் அது.

ஒரு காலையில் பந்தல் ஓரம் வண்டியைச் சாய்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பெண்கள் கொத்துக் கொத்தாக வெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெட்டின கொத்தை உடனே அடுக்குவதில்லை. கையில் தொங்கவிட்டு ஒரு சுழற்று சுழற்றி, வெடித்த பழத்தையும் சுருங்கின பழத்தையும் கத்தரிக்கோல் நுனியால் பொறுக்கித் தள்ளிவிட்டுத்தான் பெட்டிக்குள் வைக்கிறார்கள். பழத்தின் மேலே படிந்த வெள்ளைப் பூச்சு கலையாமல் காம்பை மட்டும் பிடிக்கிற அந்த நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். ஓர் அக்கா ஒரு கொத்தை நீட்டினார். "கழுவிட்டுத் தின்னுங்க தம்பி, மருந்து அடிச்ச பழம்." என் தண்ணீர் பாட்டில் பாதி அதற்கே போனது. சைக்கிள்காரர்கள் பாக்கெட் பாக்கெட்டாகச் சக்தி ஜெல் வாங்கிப் பிழிந்து குடிக்கிறார்களே, ஒருமுறை கே.கே.பட்டிப் பந்தலடியில் நின்று பன்னீர் திராட்சை சாப்பிட்டுப் பார்க்கட்டும்!

சுருளிப்பட்டி தாண்டினால் சாலை மறுபடியும் மலையைப் பார்த்துத் திரும்பிச் சுருளி அருவி வாசலில் முடிகிறது. இங்கே ஒரு விஷயம்: ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம். தர்ப்பணம் கொடுக்க மாவட்டமே வந்து நிற்கும். மற்ற நாட்களில் காலையில் போனால் குரங்குகளும் நீங்களும்தான்.

காற்றைப் பற்றிப் பேசாமல் கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்டினேன் என்று யாராவது சொன்னால் அவர் ஓட்டியிருக்க மாட்டார். தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருகிற கணவாய்களில் கம்பமும் ஒன்று. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழியோடு இதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். ஆனி, ஆடியில் அந்தக் காற்று மேற்கு மலையைத் தாண்டி வந்து பள்ளத்தாக்கில் விழும். தெற்கே சுருளிப்பட்டியைப் பார்த்துப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். போதாததற்கு ஆறு எதிரே வருகிறதல்லவா, அப்படியென்றால் போகிற வழி முழுக்க கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். பல்லைக் கடித்துக்கொண்டு போங்கள், திரும்பும்போது கூலி கிடைக்கும். அதே காற்று முதுகைத் தாங்கும், அதே ஏற்றம் இறக்கமாகிவிடும். பெரிய கியரில் போட்டுக் கே.கே.பட்டியிலிருந்து ராயப்பன்பட்டி வரை பறந்து வருகிற அந்தக் கொஞ்ச நேரம் நானும் ஒரு பந்தய வீரன்தான்! இன்னொரு லாபமும் உண்டு. மழை மேகமெல்லாம் கேரளப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். மேற்கு மலையின் தலையில் மேகம் கருகருவென்று நிற்க, நாம் காய்ந்த சாலையில், வெயில் மட்டுப்பட்ட குளுமையில் ஓட்டிக்கொண்டிருப்போம். ஊரெல்லாம் மழைக்குப் பயந்து சைக்கிளை உள்ளே வைக்கிற மாதங்களில் இங்கே சீசன் தொடங்குகிறது.

தண்ணீர் திறப்பதும் அந்தக் காலத்தில்தான். வழக்கமாக ஜூன் பிறந்ததும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் முதல்போகத்துக்கு வரும். 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல். அரபிக்கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பின பென்னிகுயிக்கின் அணை 1895-ல் முடிந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் அவர் படம் இல்லாத டீக்கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நடவு நேரத்தில் ராயப்பன்பட்டியிலிருந்து ஆனைமலையன்பட்டி, கோகிலாபுரம் வழியாக ஆற்றைக் கடந்து உத்தமபாளையம் போய்ப் பாருங்கள். கிழக்கே மானாவாரியும் பந்தலுமாகக் கிடந்த நிலம், ஆறு நெருங்க நெருங்கப் பச்சையாகிக்கொண்டே வரும். வாய்க்கால் ஓரத்துச் சாலை, இரண்டு பக்கமும் சேற்றில் நாற்று, நடவுப் பெண்களின் பேச்சு, கொக்கு. உத்தமபாளையத்தில் குமுளி நெடுஞ்சாலையை மட்டும் எச்சரிக்கையாகக் கடந்துவிட்டால் மேற்குச் சுவரின் அடிவாரச் சாலை காத்திருக்கிறது: கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம்.

நாய்க்குப் பேர்போன ஊர் கோம்பை. சைக்கிளைக் கண்டால் துரத்துவது நாய்க்குலத்துக்கே உள்ள குணம் என்பதால் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்னப் படபடப்பு வரும். கிழக்குப் பக்கத்தைவிட இங்கே பஸ்ஸும் பைக்கும் கொஞ்சம் அதிகம், ஆனாலும் நெடுஞ்சாலையோடு பார்த்தால் சொர்க்கம். பண்ணைப்புரத்தில் டீ குடிக்காமல் நான் தாண்டியதில்லை. சாலையில் காது திறந்திருக்க வேண்டும் என்பதால் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இளையராஜா பிறந்த ஊரில் வண்டியை நிறுத்தி ஒரு பாட்டாவது கேட்காமல் போனால் அது எந்தக் கணக்கில் சேரும்?

இவ்வளவு நேரம் ஒளித்து வைத்திருந்தேன், இப்போது சொல்கிறேன். மேகமலை! எரசக்கநாயக்கனூருக்கு 'எரசை' என்றால்தான் அங்கே தெரியும். எரசை வரை வந்துவிட்டால் சின்னமனூரிலிருந்து வருகிற மேகமலைச் சாலை கைக்கெட்டுகிற தூரம். தென்பழனி வனத்துறைச் சோதனைச்சாவடியில் தொடங்குகிறது ஏற்றம். 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். ஒரு காலத்தில் குண்டும் குழியுமாகக் கிடந்து பஸ்ஸையே அழ வைத்த சாலை இது. புதுப்பித்த பிறகு, அகலம் குறைவென்றாலும் ஏறுவதற்கு அருமையான தளம். கீழே கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், மேலே ஹைவேவிஸ் ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒரே ஏற்றம் என்றால் ஐரோப்பியப் பந்தயங்களிலேயே மரியாதை கொடுப்பார்கள்.

முதல் சில வளைவுகளில் காய்ந்த காடு, அனல். சட்டை நனைந்து ஹேண்டில்பாரில் வியர்வை சொட்டும். அந்த நேரத்தில் வேகமானியைப் பார்க்கவே கூடாது. அடுத்த பூவின் பெயர் என்ன என்பது மட்டுந்தான் கேள்வி. பாதி தாண்டினதும் ஒரு வளைவில் காற்று மாறும். அதே சூரியன்தான், ஆனால் வெயிலில் உறைப்பு இருக்காது. கீழே எட்டிப் பார்த்தால் காலையில் ஓட்டி வந்த ஆயக்கட்டுச் சாலை நூலாகத் தெரியும், பந்தல்கள் பச்சைச் சதுரங்களாகத் தெரியும், சண்முகாநதி அணை மினுங்கும். ஓட்டின ஊரை ஒட்டுமொத்தமாக மேலே நின்று பார்க்கிற அந்தத் திருப்தி ஒன்றுக்காகவே ஏறலாம். வளைவுகள் முடிந்ததும் காடு அடர்ந்து, பிறகு தேயிலை தொடங்கும். மலைமேல் சாலை தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். ஹைவேவிஸ் அணைத் தண்ணீரின் ஓரம் சூடாக ஒரு டீ. கால் நடுங்கும், கை சில்லிடும், வாய் மட்டும் காது வரை சிரித்துக்கொண்டிருக்கும்!

இது விளையாட்டுக் காடு அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக 2021-ல் அறிவிக்கப்பட்ட வனம். யானை, காட்டுமாடு, சிங்கவால் குரங்கு, இருவாட்சி எல்லாவற்றுக்கும் அதுதான் வீடு. மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. இரண்டு சக்கர வண்டிகளுக்கான விதி அவ்வப்போது மாறும் என்பதால் சாவடியில் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் ஏறுங்கள். தனியாக ஏறாதீர்கள். யானைச் சாணம் ஈரமாகக் கிடந்தால் வீரத்தைக் காட்டாமல் பஸ்ஸோ ஜீப்போ வரும்வரை நில்லுங்கள். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடாகும். வளைவுக்கு முன்னால் அழுத்தி, வளைவில் விட்டு இறங்குவதுதான் முறை.

இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே ஒரு மலையில் மடோன்னா தெல் கிசல்லோ என்றொரு சின்ன மாதா கோயில் இருக்கிறது. அந்த மாதாவை 1949-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் சைக்கிள்காரர்களின் பாதுகாவலியாகவே அறிவித்துவிட்டார். உள்ளே சுவர் முழுக்க, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், பந்தய வீரர்களான பர்த்தாலியும் கோப்பியும் ஓட்டின சைக்கிள்களைத் தொங்கவிட்டிருக்கிறார்களாம்! மேட்டில் மூச்சிரைக்க ஏறி வந்தவர்கள் அங்கே வண்டியைச் சாய்த்துவிட்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் இறங்குவார்கள். ராயப்பன்பட்டியும் பழைய கத்தோலிக்க ஊர்தான். மேகமலை இறங்கிக் களைத்து வந்து, தேவாலயத்துப் பக்கத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்காரும்போதெல்லாம், இங்கேயும் சைக்கிள்காரர்களுக்கென்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் என்ன என்று தோன்றும். தேவாலயத்தை அடுத்த டீக்கடையில் வடை சூடாகப் போடுவார்கள் என்பதையும் இங்கே பக்தியோடு குறிப்பிட்டுவிடுகிறேன்.

வருகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடி வரை அகலப் பாதையில் ரயில் ஓடுகிறது. பஸ் என்றால் கம்பம், உத்தமபாளையம் இரண்டுக்கும் எந்நேரமும் உண்டு. தங்கவும் அந்த இரண்டு ஊர்களே வசதி. டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், 32 என்றால் இன்னும் நிம்மதி. மேகமலை ஏறும் எண்ணமிருந்தால் பின்னால் பெரிய பல்சக்கரம் இல்லாமல் வராதீர்கள். உதிரி ட்யூப் இரண்டு வேண்டும், முள் எங்கும் இருக்கிறது. வெள்ளையடிக்காத வேகத்தடைகள் இருக்கின்றன. அறுவடைக் காலத்தில் சாலையிலேயே சோளத்தைக் காயப்போட்டிருப்பார்கள், அதன்மேல் ஓட்டாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அவர்கள் சாலை அது. விடிகாலையில் ஏலத்தோட்ட ஜீப்புகள் பறக்கிற நேரத்தில் கம்பம்மெட்டு, குமுளிச் சாலைகள் வேண்டாம். கார்த்திகை பிறந்து தை வரை சபரிமலைக் கூட்டம், அப்போதும் வேண்டாம். கிழக்குப் பக்கத்துக்கு இந்தக் கவலை ஒன்றுமே இல்லை என்பதை இன்னொருமுறை சொல்லிக்கொள்கிறேன்.

வருகிறவர்கள் எல்லாரும் மேகமலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். அவசரப்படாதீர்கள். முதல் நாள் அணைக்குப் போய்விட்டு ஓடைப்பட்டி வரை போய்த் திரும்புங்கள். இரண்டாம் நாள் சுருளிப்பட்டிக்குப் போய்க் காற்றோடு மல்லுக்கட்டித் திராட்சை தின்றுவிட்டு வாருங்கள். மலை மூன்றாம் நாளுக்கு இருக்கட்டும். அப்போதுதான் மேலே நின்று பார்க்கும்போது கீழே தெரிகிற ஒவ்வொரு ஊரின் பேரும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்னொன்று, பேனர் கட்டி, மைக் வைத்து, கொடியசைத்து ஐம்பது பேராக வராதீர்கள். இரண்டு பேராக வாருங்கள், மிஞ்சினால் மூன்று. இரண்டு சைக்கிள் அக்கம்பக்கமாகப் போக, குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டே மணிக்கணக்கில் ஓட்டலாம். நம் நாட்டில் எத்தனை தார்ச்சாலைகளில் அது முடியும், சொல்லுங்கள்!